அமலி தொட்ட இடம்

லீமாரோஸ் முதன்முதலாக என் முன்னால் வந்து நின்றபோது அவளுடைய சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, விரல்களில் சுற்றிய துணி, நெற்றியில் ஏற்றிவிட்ட நீச்சல் கண்ணாடி. கடலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். துணை சுகாதார நிலையத்தின் தரையை நான் அப்போதுதான் துடைத்து முடித்திருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் சுலபமாக வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"வெளியில நின்னு பிழிஞ்சிட்டு வரக்கூடாதா?" என்றேன்.

அவள் நகரவில்லை. "நர்சம்மா, செத்துப்போன ஒருத்தி என் மாரைப் புடிச்சு இழுக்குறா. இதுக்கு மாத்திரை இருக்கா?" என்று கேட்டாள்.

என் பெயர் சித்தி ஜுனைதா. கிராம சுகாதாரச் செவிலியர். வீடு உச்சிப்புளியில், வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில். பாம்பனுக்குத் தெற்கே கடலை ஒட்டி எழுபது வீடுகள் உள்ள இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் வீட்டுப் பக்கம் ஜின் உண்டு, பேய் கிடையாது. ஜின்னுக்கும் ஓதித்தான் பார்ப்போம், யாரும் மாத்திரை கொடுத்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அந்த முகம் வேடிக்கை பேச வந்த முகம் இல்லை.

உட்காரவைத்து விவரம் கேட்டேன். வயது முப்பத்தெட்டு. கணவர் சவேரியார், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். இரண்டு பையன்கள். பதினாலு வயதிலிருந்து கடல்பாசி எடுக்கிறாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி, பாறையில் வளர்ந்திருக்கும் பாசியைக் கையால் பறித்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் திணித்துக்கொண்டு மேலே வர வேண்டும். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் வேலை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அப்போதுதான் நீர் நன்றாக வற்றும். அந்த நாட்களைப் பாசி நாள் என்பார்கள். அவர்களுக்கு மாதம் என்பது அதுதான். திங்கள், செவ்வாய் எல்லாம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்.

செத்துப்போனவள் பெயர் அமலோற்பவம், ஊரில் அமலி. லீமாரோஸின் ஜோடி. ஜோடி இல்லாமல் இங்கே எந்தப் பெண்ணும் கடலில் இறங்க மாட்டாள். ஒருத்தி மூழ்கினால் மற்றவள் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வந்த பிறகுதான் இவள் மூழ்குவாள். பதினெட்டு வருஷம் இந்த இரண்டு பேரும் ஒருத்தி மூச்சை ஒருத்தி எண்ணியிருக்கிறார்கள். ஓர் அமாவாசைப் பாசியில் அமலி மூழ்கினாள், மேலே வரவில்லை.

"எண்ணிக்கிட்டே இருந்தேன் நர்சம்மா. எம்பது வரைக்கும் எண்ணுனேன். அதுக்கு மேல எனக்கு எண்ண வரல" என்றாள் லீமாரோஸ்.

உடல் மறுநாள் மணல்திட்டில் ஒதுங்கியது. குளிப்பாட்டியது லீமாரோஸும் அமலியின் மாமியாரும். இடது மாரில் ஒரு காயம் இருந்ததாம். மீன் கடித்தது என்று மாமியார் சொல்லிவிட்டார். ஊருக்கு அது போதவில்லை. பாறைக்கடியில் ஏதோ இருக்கிறது, அது பெண்களின் மாரில் வாய் வைக்கிறது, அமலியை வைத்துக்கொண்டது, இப்போது அமலியை விட்டு ஆள் பிடிக்கிறது என்று பேச்சு வளர்ந்தது. நாலு மாதம் கழித்து, ஓர் அமாவாசைக்கு முதல் நாள், லீமாரோஸுக்கு வலி தொடங்கியது. மார் இரண்டும் கனத்து, வீங்கி, சட்டை உரசினாலே உயிர் போகிற மாதிரி வலி. ஏழெட்டு நாள் இருந்தது, தானாகப் போய்விட்டது. பௌர்ணமிக்கு ஒன்றும் இல்லை. அடுத்த அமாவாசைக்கு மறுபடி வந்தது. அதற்கடுத்த அமாவாசைக்கும் வந்தது.

"அமலி போனது அமாவாசைப் பாசிக்கு. எனக்கு வலி வாரதும் அமாவாசைப் பாசிக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள்.

மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றியாயிற்று. கண், கால், கை என்று வெள்ளித் தகட்டில் உறுப்புகள் செய்து காணிக்கை போடுவார்கள் அல்லவா, மார் செய்யச் சொல்லி ராமேஸ்வரத்தில் ஒரு ஆசாரியிடம் போயிருக்கிறாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே செய்து கொடுத்தாராம். அதையும் போட்டாயிற்று. அதன் பிறகுதான் கடைசியாக நர்சம்மா.

திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தேன். சட்டைக்கும் ரவிக்கைக்கும் அடியில் பழைய சேலைக் கிழிசலை மூன்று சுற்று சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள். தண்ணீரில் சேலை மிதக்காமல் இருக்க, உடம்பு தெரியாமல் இருக்க, எல்லோரும் அப்படித்தான் கட்டுவார்களாம். காலை ஆறிலிருந்து மதியம்வரை உப்புத்தண்ணீரில் ஊறிய துணி, இறுகி இறுகித் தோலில் தடம் பதிந்திருந்தது. மார் இரண்டும் வீங்கித்தான் இருந்தன. விரல்களைப் பரத்தி வைத்துத் தடவினேன். உள்ளே எங்கும் பரவலாக நெருடியது, தனியாகக் கட்டி என்று எதுவும் இல்லை. அக்குளிலும் இல்லை. காம்பில் கசிவு இல்லை.

"தூரம் எப்ப வரும்?" என்று கேட்டேன்.

"அது வரும். பாசி முடியுற அன்னைக்கி வரும்."

"வந்தா வலி என்ன ஆகும்?"

யோசித்தாள். "போயிரும்" என்றாள். அவளாகவே அதை அதற்கு முன் சேர்த்துப் பார்த்ததில்லை.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு உடம்பில் சுரப்பு மாறும், மாரில் நீர் கோத்து வீங்கும், விலக்கு வந்ததும் வடியும். நூற்றுக்கு ஐம்பது பெண்களுக்காவது ஏதோ ஒரு வயதில் இது உண்டு, எனக்கும் இருந்தது. லீமாரோஸின் உடம்பு நிலாக் கணக்கில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அவளிடம் காலண்டர் இருந்திருந்தால் தேதியோடு தேதியைச் சேர்த்துப் பார்த்திருப்பாள். கடலைக் காலண்டராக வைத்திருந்ததால் கடலோடு சேர்த்துவிட்டாள்.

சும்மா அனுப்பவில்லை. ராமநாதபுரத்துக்கு அழைத்துப்போய் டாக்டரம்மாவிடம் காட்டி ஸ்கேன் எடுத்தேன். ஒன்றுமில்லை என்று வந்தது. இறுக்கிக் கட்டுவதை விடச் சொன்னார், அளவான, தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போடச் சொன்னார். வலி கூடுதலான நாட்களில் வெந்நீர் ஒத்தடம், இரண்டு வேளை பாராசிட்டமால். கருவாட்டையும் கட்டன்காபியையும் அந்த வாரம் குறைத்துப் பார், சிலருக்குக் கேட்கும் என்றார். உள்ளாடை இரண்டு நானே வாங்கிக் கொடுத்தேன். நாள்காட்டி ஒன்றையும் கொடுத்து, வலி வந்தால் நீலப் பேனா, தூரம் வந்தால் சிவப்புப் பேனா என்று குறிக்கச் சொன்னேன்.

அடுத்த அமாவாசைப் பாசியின் முதல் நாள் காலையில் கரைக்குப் போனேன். அங்கே பார்த்ததை இப்போது நினைத்தாலும் முதுகு சில்லென்கிறது. முழங்கால் தண்ணீரில் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். விடிந்தும் விடியாத சாம்பல் வெளிச்சம். யாரும் பேசவில்லை. ஒவ்வொருத்தியும் குனிந்து மூன்று விரலைக் கடலில் நனைத்து, சட்டைக்கு மேலேயே இடது மாரை அழுத்தினாள்.

"இல்ல."

"இல்ல."

"இல்ல."

வலிக்கிறது என்று சொன்னவள் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். அமலி தொட்டவளைப் பாறைக்குப் போகிற வள்ளத்தில் ஏற்றினால் பக்கத்தில் இருப்பவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவாளாம். அமலி இறந்த பிறகு அவர்களாகவே உண்டாக்கிக்கொண்ட வழக்கம் இது. லீமாரோஸ் முறை வந்தது. அழுத்தினாள். "வலிக்குது" என்றாள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. இருபது தலைகள் மறுபக்கம் திரும்பின. அவளோடு ஜோடி சேர ஊரில் ஒரு ஆள் இல்லை. வலி நாட்களில் கரையோரம் ஆழமில்லாத தண்ணீரில் தனியாகத் துழாவிக் கிடைத்ததைப் பறிப்பாளாம், முதல் நாள் என்னிடம் நனைந்து வந்ததும் அப்படித்தான். மாதத்தில் பாதிப் பிழைப்பு போயிற்று. அதைவிட, பதினாலு வயதிலிருந்து கூடவே மூழ்கிய பெண்கள் அவள் நிழல் படாமல் விலகி நடந்தார்கள். அவள் அதைச் சொல்லித்தான் என்னிடம் அழுதாள், வலியைச் சொல்லி அழவில்லை.

ஒருத்தி மட்டும் வரிசையை உடைத்துக்கொண்டு வந்தாள். ஹெலன். முப்பத்திரண்டு வயது, சகாயவினோத்தின் மனைவி, வாய்த்துடுக்கு. "மதினி, நீ எங்கூட வா. எனக்கு வலியும் இல்ல, ஒண்ணுமில்ல. அமலிக்கு என்னைய எப்பவுமே புடிக்காது" என்று லீமாரோஸின் கையைப் பிடித்து இழுத்தாள். வள்ளத்தில் இரண்டு பேருக்கும் கடைசியில் இடம் விட்டார்கள். அன்றிலிருந்து அவர்கள் ஜோடி.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்த மாதமே பெண்களைக் கூட்டி அரை மணி நேரம் பேசினேன். வலியைக் கண்டு பயப்படாதீர்கள் என்றேன். தூரத்துக்கு முன்னால் வருகிற வலி தூரத்தோடு போய்விடும். பால் கொடுக்கிறவர்களுக்குப் பால் கட்டினாலும் வீங்கும், பிள்ளையை அடிக்கடி குடிக்கவிட்டு ஒத்தடம் கொடுத்தால் இளகும். காய்ச்சலும் சேர்ந்தால் என்னிடம் ஓடி வாருங்கள். நாள் முழுக்கப் பாசியை இழுக்கிற கைக்கு நெஞ்சுச் சதையிலும் வலி வரும். பேய் இல்லை, பிசாசு இல்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்து ஹெலன்தான் சத்தமாகத் தலையாட்டினாள். வலிக்காமல் வருகிறதைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பேயை விரட்டுகிற வேகத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஆறு மாதம் நன்றாகப் போனது. லீமாரோஸின் நாள்காட்டியில் நீலமும் சிவப்பும் அமாவாசையை ஒட்டியே வந்தன. வலி பாதியாகக் குறைந்திருந்தது. பிறகு அவளுக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தாள். அந்த மாதம் தூரம் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. அமாவாசை வந்தது, மாரில் வலி இல்லை. அமாவாசை போய் எத்தனையோ நாள் கழித்து வலித்தது, சிவப்பு வந்ததும் நின்றது. இதைவிட நல்ல சாட்சி எனக்கு வேறென்ன வேண்டும்? நாள்காட்டியை விரித்து வைத்து, "பார், நிலா ஒரு பக்கம் போகுது, உன் வலி ஒரு பக்கம் போகுது. அமலி இல்ல, உன் உடம்புதான்" என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப அவ என்னைய விட்டுட்டா" என்றாள். "நர்சம்மா, அப்ப வேற யாருகிட்டப் போயிருக்கா?"

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை மாதம் கத்தியது எல்லாம் வீண் என்று திட்டி அனுப்பினேன். அன்று மாலை உச்சிப்புளிக்குப் போகிற பஸ்ஸில், பாலத்தின் மேல் போய்க்கொண்டிருக்கும்போது, என் மூன்று விரல்கள் என் இடது மாரை அழுத்திக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். எப்போது அங்கே போயின என்று தெரியாது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

லீமாரோஸ் அன்றிலிருந்து ஊர்ப் பெண்களைப் பார்க்க ஆரம்பித்தாள். பாசியைக் காயப்போடும்போது பார்ப்பாள், தண்ணீர்க் குழாயடியில் பார்ப்பாள், கோயிலில் பூசை நடக்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். முகத்தை இல்லை, மாரைப் பார்ப்பாள். பெண்கள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு என்னிடம் வந்து முறையிட்டார்கள். இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அமலிக்கு ஆள் காட்டிக் கொடுக்கிறாள் என்றார்கள். நானும் கண்டித்தேன். அவள் கேட்கவில்லை.

பௌர்ணமிப் பாசியின் இரண்டாம் நாள் மதியம், நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஹெலனைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். ஹெலன் பாதி சிரிப்பும் பாதிக் கோபமுமாக, "கையை விடு மதினி, வளையல் உடையப்போகுது" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

"சட்டைய மாத்துறதுக்குக் கையத் தூக்குனா நர்சம்மா. அப்பத்தான் பாத்தேன்" என்றாள் லீமாரோஸ். "அமலிக்கு இருந்ததேதான். குளிப்பாட்டுறப்ப நான் பாத்தது. உள்ள இருந்து யாரோ நூலு போட்டு இழுக்குற மாதிரி, அந்த எடத்துல தோலு குழி விழுந்து போயிருக்கு. அமலிக்குக் காம்பும் உள்ள போயிருந்துச்சு. அது மீனு கடிச்சது இல்ல. மீனு கடிச்சா வெளிய பிய்யும், உள்ள போகாது."

இத்தனை மாதமாக மீன் கடித்த காயம் என்று நானும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன மாதிரிக் காயம் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

ஹெலனைப் படுக்கவைத்துப் பார்த்தேன். கட்டு அவிழ்த்ததும், கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னதும் குழி தெரிந்தது. விரலை வைத்தேன். புளியங்கொட்டை அளவில், கல் மாதிரி, தள்ளினால் நகராமல் ஒன்று இருந்தது. அக்குளில் இன்னொன்று, சின்னது.

"வலிக்குதா?" என்றேன்.

"இல்லவே இல்ல" என்றாள் பெருமையாக. "ரெண்டு வருசமா இருக்கு நர்சம்மா. ஒரு நாளுகூட வலிச்சதில்ல. வலிச்சா நான் வள்ளத்துல ஏறியிருப்பேனா?"

அந்த ஊர் ஒவ்வொரு பாசி நாள் காலையிலும் கடலில் நின்று கேட்டது ஒரே கேள்வி. அந்தக் கேள்விக்கு ஹெலன் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் வந்து அதையே உறுதிப்படுத்திவிட்டுப் போனேன். எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் ஹெலனிடம்தான் கத்தினேன். நாளைக்கே மதுரைக்குப் போக வேண்டும் என்றேன். இதுதான் ஆபத்தானது, வலிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் ஆபத்தானது என்றேன்.

"நீங்கதான பயப்படாதீகன்னு சொன்னீக" என்றாள் ஹெலன். "இந்தப் பாசி முடியட்டும், போறேன்."

அந்தப் பாசி முடிந்தது. மகளுக்கு முதல் நற்கருணை, புதுத்துணி தைக்க வேண்டும் என்றாள். பிறகு சகாயவினோத் கடலிலிருந்து திரும்பட்டும் என்றாள். சகாயவினோத்திடமும் பேசினேன். வலிக்காத இடத்தை அறுக்கச் சொல்கிறீர்களா என்று என்னையே கேட்டான். வீடு தேடி நாலு தடவை போனேன். நாலாவது தடவை கதவைத் திறக்கவில்லை. லீமாரோஸ் தினமும் போய்க் கெஞ்சினாள். காலில் விழுந்தாள் என்றுகூடக் கேள்வி. ஹெலன் சிரித்துச் சிரித்தே அவளைத் திருப்பி அனுப்பினாள்.

அடுத்த அமாவாசைப் பாசியின் முதல் நாள், கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று முதல் பஸ்ஸில் கிளம்பிக் கரைக்குப் போனேன். பெண்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். காற்று சுத்தமாக இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. விரலை நனைத்து ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஹெலன் முறை வந்தது.

"இல்ல" என்றாள்.

அடுத்து நின்றது லீமாரோஸ். அவள் விரலை நனைக்கவில்லை. வரிசையை விட்டு இரண்டு அடி முன்னால் போய், எல்லோரையும் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"அமலி ஹெலனைத் தொட்டுட்டா" என்றாள்.

அவள் கத்தவில்லை. கடைக்குப் போய்வந்த விவரம் சொல்வது போலச் சொன்னாள். "நேத்து மத்தியானம் அமலி வந்தா. பாசி காயுற எடத்துல நின்னா. உச்சி வெயிலு. சட்டையில இருந்து தண்ணி சொட்டுது, மணலு நனையல. 'வலிச்சா நர்சம்மாகிட்ட ஓடுறீக, அதுனாலதான் ஹெலனை வலிக்காமத் தொட்டேன்'னு சொன்னா. 'என்னைய அது எப்படித் தொட்டுச்சோ அப்படியேதான் இவளையும் தொட்டேன்'னு சொன்னா."

யாரோ ஒருத்தி மாதாவே என்றாள். ஹெலன் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"மதினி, வெளையாடாத."

"அமலி தொட்ட எடத்த இவ ஒளிச்சு வச்சிருக்கா, அவுத்துப் பாருங்க" என்றாள் லீமாரோஸ். "குழி இருக்கும். அமலி மாருல இருந்த குழி. மீனு கடிச்சதுன்னு அவ மாமியா உங்களுக்குச் சொன்னது பொய்யி. நான் என் கையாலக் குளிப்பாட்டுனவ, நான் சொல்லுறேன். நான் இவகூட இறங்கமாட்டேன். வேற யாராச்சும் இறங்குறதுன்னா இறங்குங்க. எண்ணிக்கிட்டே இருங்க."

வரிசை உடைந்தது. தண்ணீர் சிதறப் பெண்கள் கரைக்கு ஓடினார்கள். மூன்று பேர் மட்டும் ஹெலனைப் பிடித்து நிறுத்தி, சேலையால் மறைத்துக்கொண்டு சட்டையை விலக்கினார்கள். பார்த்தார்கள். பார்த்ததும் அவளை விட்டுவிட்டு அவர்களும் பின்னால் போனார்கள். முழங்கால் தண்ணீரில் ஹெலன் தனியாக நின்றாள். முதல் தடவையாக அவள் கண்ணில் பயத்தைப் பார்த்தேன்.

மாதக்கணக்காகப் பேய் இல்லை, பேய் இல்லை என்று தொண்டை வறளப் பேசியவள் நான். அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். இது நோய், அமலிக்கும் இதே நோய்தான் இருந்திருக்கும், யாருக்கும் காட்டாமல் சத்துக்கெட்ட உடம்போடு மூழ்கியதால்தான் அவளுக்கு மூச்சு போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் பயமாகத்தான் இருந்தது. லீமாரோஸ் பேசிய அந்த நிதானம் அவளுடையது மாதிரியே இல்லை. அமலி எப்படிப் பேசுவாள் என்று எனக்குத் தெரியாது, நான் அவளைப் பார்த்ததே இல்லை.

அன்று ஊரில் யாரும் பாசிக்குப் போகவில்லை. மறுநாள் காலை ஹெலனும் சகாயவினோத்தும் மதுரைக்குப் பஸ் ஏறினார்கள். நானும் கூடப் போனேன். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள், புற்று என்றார்கள். அக்குளைத் தாண்டி இன்னும் பரவவில்லை, ஆனால் இன்னும் நாலைந்து மாதம் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றார் அங்கிருந்த டாக்டர். இடது மாரை எடுத்தார்கள். பிறகு மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, கரண்டு என்று இங்கே சொல்கிற கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ஹெலன் இருக்கிறாள். முடி வளர்ந்துவிட்டது. வாய்த்துடுக்கும் பாதி திரும்பிவிட்டது.

அந்த வாரத்திலேயே பத்தொன்பது பெண்கள் நிலையத்துக்கு வந்து, என்னையும் பார், என்னையும் பார் என்று வரிசையில் நின்றார்கள். பதினேழு பேருக்கு ஒன்றுமில்லை. ஒருத்திக்குப் பால் கட்டியிருந்தது. இன்னொருத்தியின் கட்டி தொட்டால் வழுக்கி ஓடியது, ஸ்கேனில் வெறும் நீர்க்கட்டி என்று வந்தது. என் அரை மணி நேரப் பேச்சுக்கு ஒரு ஆள்கூட இப்படி வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

லீமாரோஸோடு யாரும் கடலில் இறங்குவதில்லை. முன்பு வலியுள்ள நாளில் மட்டும் விலகினார்கள், இப்போது எல்லா நாளும். செத்தவள் இவள் வாயால் பேசுகிறாள் என்று ஊர் முடிவு செய்துவிட்டது. தெருவில் வந்தால் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். அவள் இடுப்பளவு தண்ணீரில் மூங்கில் தெப்பத்தில் பாசி கட்டி வளர்க்கிற வேலைக்குப் போகிறாள். அதற்கு மூழ்க வேண்டாம், ஜோடி வேண்டாம். மாதம் ஒரு தடவை மார் கனக்கிறது, ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறாள், நாள்காட்டியில் குறிக்கிறாள்.

ஹெலனும் அவளிடம் பேசுவதில்லை. எனக்கு அதுதான் ஆறவில்லை. நன்றி கெட்டவளே என்று ஹெலனின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டேன். "அது இல்ல நர்சம்மா, மதினி கண்ணைப் பாக்க எனக்குப் பயமா இருக்கு. அந்தக் கண்ணு வழியா அமலி பாக்குறா" என்று அவள் அழுதாள். லீமாரோஸ் எதிரில் வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுகிறாள்.

போன வாரம் தெப்பத்தடியில் லீமாரோஸைப் பார்த்தேன். கயிற்றில் பாசித் துண்டுகளை முடிந்துகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அன்னைக்கு அமலி நிசமாவே வந்தாளா?" என்று கேட்டேன்.

அவள் முடிச்சைப் போட்டு முடித்தாள். "ஹெலனுக்கு அடுத்த செக்கப்பு எப்ப?" என்றாள்.

"வார செவ்வாய்க்கிழமை."

"போவாளா?"

"உன்மேல இருக்கிற பயத்துலயே போவா. ஒரு தடவைகூடத் தப்ப விட்டதில்ல. நானே அவகிட்ட எல்லாத்தையும் எடுத்துச் சொல்லி, உங்க ரெண்டு பேரையும் பேச வைக்கவா?"

லீமாரோஸின் கண் நிறைந்துவிட்டது. ஈரக் கையாலேயே துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் நர்சம்மா. பேசுனா பயம் விட்டுப்போயிரும். பயம் போச்சுன்னா அவ ஆசுபத்திரிக்குப் போகமாட்டா, எனக்குத் தெரியும் அவளை. இன்னும் எத்தனை வருசம் காட்டணும்னு சொன்னாக?"

"அஞ்சு வருசம்."

"அப்ப அஞ்சு வருசம் பயந்துக்கிட்டே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கயிற்றை எடுத்தாள்.